எல்லாம் சரி, ஆனால் ஆட்டத்தில் அவளைக் காணோம்: பாலே பயிலும் மகளைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 13 வயது, உயர்நிலை 1. ஆறு வயதிலிருந்து பாலே. ஆர்ஏடி என்ற நடன அமைப்பின் தேர்வுகளில் தொடர்ந்து டிஸ்டிங்ஷன். இந்த ஆண்டு வந்த புது ஆசிரியை, “எல்லாம் சரியா இருக்கு, ஆனா அவ எங்கே இருக்கான்னே தெரியல” என்றிருக்கிறார். ‘இந்த இசைக்கு உனக்குத் தோன்றியதை ஆடு’ என்றால் பிள்ளை அப்படியே நின்றுவிடுகிறாள். வீட்டில் கண்ணாடி முன் ஒரே பிருவெட்டை, அதாவது ஒற்றைக்கால் சுற்றை, இரவு 11 மணி வரை சுற்றிவிட்டு அழுகிறாள். பாட்டியோ, “பரதநாட்டியத்துல சேர்த்திருந்தா பாவமாவது வந்திருக்கும்” என்கிறாராம். திருத்தித் திருத்தியே பிள்ளையின் கற்பனையைக் கொன்றுவிட்டோமா, வகுப்பை மாற்றவா, கொஞ்ச நாள் நிறுத்திவைக்கவா என்று கேட்கிறார்.

இந்த ஊரில் பல காலமாகப் பாலே சொல்லிக்கொடுக்கிறேன். இதே கேள்வியை வெவ்வேறு மொழிகளில் கேட்டிருக்கிறேன். என் பதில் இதுதான்: குற்றத்தைத் திருத்தத்தின் மேல் போடாதீர்கள். ஏழு ஆண்டுகளாக உங்கள் மகளுக்கு வகுப்பில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. தானாக ஒரு முடிவெடுக்கும் வேலை அவளிடம் ஒருநாளும் தரப்படவில்லை. கை எந்த எண்ணிக்கையில் எழ வேண்டும், தலை எந்தப் பக்கம் சாய வேண்டும், பார்வை எங்கே போக வேண்டும் என்று எல்லாவற்றையும் யாரோ முன்கூட்டியே தீர்மானித்துக் கொடுத்தார்கள். அவள் அச்சுப் பிசகாமல் செய்தாள், மதிப்பெண் வாங்கினாள். திடீரென்று ஒருநாள் ‘உனக்குத் தோன்றியதை ஆடு’ என்றால் எங்கிருந்து வரும்? முடிவெடுப்பதும் பழகிப் பழகி வருகிற திறன்தானே. பாதத்தைத் தரையோடு நீட்டும் தாண்டூவை ஒவ்வொரு வகுப்பிலும் பழகுகிறாள். இதைப் பழகியதே இல்லை.

பல ஸ்டூடியோக்களில் எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. முதலில் சரியாகச் செய்யக் கற்றுக்கொள், அப்புறம் உன்னுடையதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பாலேயில் அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. கால்களை வெளிப்பக்கம் திருப்பும் டர்ன்-அவுட்டையே பாருங்கள். இரண்டு பாதங்களும் ஒரே நேர்க்கோட்டில், 180 பாகைக்குத் திரும்பி நிற்பதுதான் படத்தில் இருக்கிற இலட்சியம். அந்தத் திருப்பம் பெரும்பாலும் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். மூட்டுக்குழியின் ஆழமும் கோணமும், தொடை எலும்பு முறுக்கியிருக்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறு. எவ்வளவு உழைத்தாலும் எலும்பு இடம் கொடுக்கிற அளவுக்குத்தான் திரும்பும். இடுப்பு தராத பாகையை முழங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் பிடுங்கினால் காயம்தான் மிச்சம். ‘சரியானதும் சொந்தமாக ஆடலாம்’ என்று காத்திருக்கும் பிள்ளை அப்படியே காத்திருந்து பதினெட்டு வயதில், விரல்நுனியில் நின்று ஆடும் பாயின்ட் ஷூவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் போய்விடுகிறாள்.

இதில் வரலாறு நமக்குத் துணை. 1832ல் பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ ஆடிப் பாலே உலகத்தையே மாற்றிய மரீ தாலியோனிக்குக் கைகள் அளவுக்கு மீறி நீளம், முதுகிலும் லேசான கூன் என்று நாட்டிய வரலாற்றில் சொல்வார்கள். நடன ஆசிரியரான அவருடைய தந்தை பிலிப்போ, அந்தக் கைகளை மறைக்க மணிக்கட்டுகளைக் குறுக்காக வைப்பது, உடலைச் சற்று முன்னால் சாய்ப்பது என்று வழி கண்டார். இன்று ‘ரொமான்டிக் பாணி’ என்று நாம் மதிப்பெண் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற சாய்வு அங்கிருந்து வந்தது. ஒருத்தியின் உடல் குறைக்குக் கண்ட தீர்வுதான் பிறகு வந்த எல்லோருக்கும் ‘சரி’ ஆயிற்று.

உங்கள் மகளின் மனத்தில் இருக்கிற அந்தச் ‘சரி’ யாருடைய உடல் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இதைச் சொல்லத் தயங்கும் ஆசிரியர்கள் உண்டு, நான் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் பிங்க் டைட்ஸ், பிங்க் ஷூ போட்டுக்கொண்டு, ஒல்லியான நீண்ட வெள்ளைக் கால்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து வளர்கிறார்கள். காலின் நீட்சி தெரியத்தான் டைட்ஸும் ஷூவும் தோலின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கம், ஆனால் அந்தத் ‘தோல் நிறம்’ நெடுங்காலம் ஒரே நிறமாக இருந்தது. லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பாலே பிளாக் என்ற நடனக் குழுவுடன் சேர்ந்து பழுப்பு நிறப் பாயின்ட் ஷூக்களைக் கொண்டுவந்ததே 2018ல்தான். அதுவரை கறுப்பு, பழுப்பு நிறக் கலைஞர்கள் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனைக் குழைத்து ஷூவின்மேல் பூசிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு முயன்றாலும் எட்ட முடியாத உருவத்தைத் துரத்தும் பிள்ளை, தன் பிருவெட்டில் குறை இருப்பதாக நினைத்துக்கொள்கிறாள். பாதி நேரம் பிருவெட்டில் எந்தக் குறையும் இருக்காது.

இனி, அந்த இரவு 11 மணி விஷயம். பர்ஃபெக்‌ஷனிசம் என்று பொதுவாகச் சொல்வதை உளவியலாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். தனக்குத் தானே உயர்ந்த அளவுகோல் வைத்துக்கொண்டு உழைப்பது ஒரு வகை. பிழை நேர்ந்துவிடுமோ, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை இன்னொன்று. ஹூவிட், ஃபிளெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991ல் ஒரு பாகுபாடு வகுத்தார்கள். அதில், ‘நான் குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை ஏற்பார்கள்’ என்ற நம்பிக்கையைத் தனியாக ஒரு வகையாகவே வைத்தார்கள். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு பிள்ளைகளும் வகுப்பு முடிந்த பிறகும் நின்று பழகுவார்கள். ஒருத்தி, தடுமாறினால் ‘ஓ, தோள் முந்திக்கொண்டது’ என்று சிரித்துக்கொண்டு மறுபடி சுற்றுவாள். மற்றவள் தடுமாறியதும் யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னால் உறைவது இந்த இரண்டாமவள்தான். புதியதற்கு மாதிரி கிடையாது, மாதிரி இல்லாவிட்டால் தான் பிழை செய்கிறோமா இல்லையா என்று அவளால் தெரிந்துகொள்ள முடியாது. ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஆய்வாளர் சான்னா நோர்டின்-பேட்ஸ் நடனக் கலைஞர்களிடம் இந்த மோதலைத்தான் ஆராய்ந்திருக்கிறார். மாணவர்களுக்குத் தெரிவுகள் கொடுத்துச் சொல்லித்தருவதன் முக்கியத்துவத்தை அவர் எழுத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

உங்கள் மகள் இரண்டாமவள் என்று நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் முடிவுகட்ட மாட்டேன். இந்த வயதுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. பதினொன்றிலிருந்து பதினான்குக்குள் பெண் பிள்ளைகள் சட்டென்று உயர்வார்கள். எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். போன ஆண்டு நெற்றியைத் தொட்ட கால் இந்த ஆண்டு எழ மறுக்கும், நிலையாக வந்த இரட்டைச் சுற்று காணாமல் போகும். உடம்பின் நடுமையமே இடம் மாறிவிட்டதால் வருகிற தடுமாற்றம் இது, காலப்போக்கில் சரியாகிவிடும். இதை யாரும் பிள்ளையிடம் சொல்வதில்லை. அவளோ தன் முயற்சி போதவில்லை என்று நினைத்து இரட்டிப்பாக உழைக்கிறாள். ஆடையளவும் ஷூ அளவும் அண்மையில் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால், இதை அவளிடம் இன்றே விளக்கிவிடுங்கள். பாதிக் கண்ணீர் அதிலேயே நின்றுவிடலாம்.

சிங்கப்பூருக்கே உரிய பங்கும் இதில் இருக்கிறது. ஆர்ஏடி என்கிற ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் 1920ல் லண்டனில் தொடங்கியது. உலகம் முழுவதும் அதன் தேர்வுகள் நடக்கின்றன. நம் ஊரில் அது ஏறக்குறைய இன்னொரு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, ஆகிவிட்டது. 40 வாங்கினால் தேர்ச்சி, 55க்கு மெரிட், 75க்கு டிஸ்டிங்ஷன். பிள்ளை 74 வாங்கினால் அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று கேட்கிற பெற்றோர் உண்டு. கியாசு, அதாவது பின்தங்கிவிடுவோமோ என்று அஞ்சுபவர்கள், என்று நம்மை நாமே கேலி செய்துகொள்வதோடு சரி. வாரம் இரண்டு வகுப்பு, அதற்கு மேல் டியூஷன், சிசிஏ என்கிற இணைப்பாட நடவடிக்கை. இருக்கிற நேரத்தில் தேர்வுப் பயிற்சிகளை முடிக்கவே ஆசிரியர் திணறுகிறார். ஆகவே ஒரே பயிற்சி, ஒரே இசை, ஓராண்டு முழுவதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தேர்வுத் திட்டமே உத்திக்கு மட்டும் மதிப்பெண் போடுவதில்லை. இசை உணர்வுக்கும் நிகழ்த்தும் விதத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. தேர்வுக்காகக் கற்பனையைத் தள்ளிவைக்கிறோம் என்று சொல்பவர்கள் தேர்வையே சரியாகப் படிக்கவில்லை.

சரி, பாட்டி. பாட்டி சொன்னதில் பாதி உண்மை. பரதத்தில் அபிநயம் என்று ஒரு பாதி தனியாக இருக்கிறது. ஒரே வரியின் பொருளைச் சஞ்சாரியாக விரித்து விரித்து ஆடும்போது அன்றன்றைக்குத் தோன்றுவதற்கு இடம் உண்டு. ஆனால் அரங்கேற்றத்துக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், குருவின் புருவம் எப்போது உயர்ந்ததோ அப்போதே தன் புருவத்தையும் உயர்த்தும் பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள். நோய் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். இரண்டு வீடுகளும் அவ்வளவு தொலைவும் இல்லை. ருக்மிணி தேவி, ரஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைப் பாருங்கள் என்று பாவ்லோவா தூண்டியதும் அவர் பரதத்துக்குத் திரும்பி 1936ல் கலாக்ஷேத்திராவை உருவாக்கினார். அங்கே பயின்ற நீலா சத்தியலிங்கம் இங்கு வந்து கணவருடன் 1977ல் அப்சரஸ் ஆர்ட்ஸ் நடன அமைப்பைத் தொடங்கினார். இன்னொரு பக்கம், இங்குள்ள பரதக் கலைஞரான சாந்தா பாஸ்கர், 1950களிலேயே சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதத்தில் அமைத்தார். அடவு சுத்தத்தில் சமரசம் செய்தவரா அவர்? இல்லை. தெரிந்த அடவை வைத்துக்கொண்டு, தனக்கு முன் யாரும் எடுக்காத முடிவை எடுத்தவர்.

பாட்டிக்குத் தெரிந்த இன்னொரு வழியிலிருந்து நமக்கு உண்மையிலேயே கிடைப்பது ஒன்று இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை, கீதம், வர்ணம், கிருதி என்று ஏறி, அதன் பிறகுதான் சொந்தக் கற்பனையில் பாடும் மனோதர்மம். பார்த்தால், ‘முதலில் சரி, அப்புறம் சொந்தம்’ என்ற அதே வரிசை. ஆனால் வர்ணம் பாடுகிற காலத்திலேயே அந்தப் பிள்ளை குரு நிரவல் பாடுவதைக் கேட்கிறது. கச்சேரியில் தம்பூராவோடு பின்னால் உட்கார்ந்து, இன்றைய தோடி நேற்றைய தோடி இல்லை என்பதைக் காதால் அறிகிறது. தான் செய்யத் தொடங்கும் முன்பே, பெரியவர்கள் மேடையில் முடிவெடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிடுகிறது. பாலே பயிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் தங்கள் ஆசிரியை ஆடிப் பார்த்திருக்கிறார்கள்? எத்தனை பேர் ஒரே பாத்திரத்தை இரண்டு பேர் வெவ்வேறாக ஆடுவதைப் பார்த்திருக்கிறார்கள்? ஃபோர்ட் கேனிங்கில் சிங்கப்பூர் பாலே 1995ல் தொடங்கிய திறந்தவெளி நிகழ்ச்சி நடக்கும்போது மகளைக் கூட்டிப்போங்கள். அல்லது எஸ்பிளனேட்டுக்கு ஒரே படைப்பை இரண்டு நாள் கூட்டிப்போங்கள், நடிகர் பட்டியல் மாறும் நாளாகப் பார்த்து. இரண்டாம் நாள் திரும்பி வரும் ரயிலில் ‘யார் நல்லா ஆடினா’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்துல ரெண்டு பேரும் வேற மாதிரி செஞ்சாங்க’ என்று கேளுங்கள். டியூஷனுக்குக் கொடுக்கிற காசில் இதற்குக் கொஞ்சம் எடுத்துவைக்கலாம்.

திருத்தத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எப்படித் திருத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியல் அறிஞர், கைதேர்ந்த தொழிலாளர்கள் உளியின்மேல் சுத்தியலால் அடிப்பதைத் தொடர் புகைப்படங்களாக எடுத்துப் பார்த்தார். அடி ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன பாதை எந்த இரண்டு அடியிலும் ஒன்றாக இல்லை. தேர்ந்த உடல் ஒரே அசைவை நகலெடுப்பதில்லை, ஒரே நோக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கிறது. உங்கள் மகள் கண்ணாடி முன்னால் தேடிக்கொண்டிருக்கும் ‘அதே பிருவெட்’ என்று ஒன்று உலகத்தில் இல்லை. மிகச் சிறந்த கலைஞரின் இரண்டு பிருவெட்டுகளும் உள்ளுக்குள் வேறுவேறுதான்.

இதையொட்டியே கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். உடலுறுப்பின்மேல் கவனம் வைப்பதைவிட, அந்த அசைவு வெளியே என்ன விளைவை உண்டாக்க வேண்டும் என்பதில் கவனம் வைத்தால் அசைவு நன்றாக வருகிறது. ‘முழங்காலை நீட்டு, பாதத்தைக் குவி, இடுப்பைத் தூக்காதே’ என்று ஒரே மூச்சில் மூன்று கட்டளை போடுவதற்குப் பதில், ‘தரையைப் பாதத்தால் தள்ளிக்கொண்டு போய் எதிர்ச்சுவரைத் தொடப் பார்’ என்றால் முழங்கால் தானே நீளும். கூடவே பிள்ளையின் பார்வை தன் உடலை விட்டு வெளியே போகிறது. பார்வை வெளியே போனவுடன் முகத்தில் வரும் மாற்றத்தை நீங்களே பார்ப்பீர்கள். ‘அவ எங்கே இருக்கான்னே தெரியல’ என்று ஆசிரியை சொன்னதில் ஒரு பகுதி, கண் உள்நோக்கித் திரும்பிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

கண்ணாடியும் அப்படித்தான். எமரி பல்கலைக்கழகத்தின் சாலி ரடெல் கண்ணாடி உள்ள, இல்லாத தொடக்கநிலைப் பாலே வகுப்புகளை ஒப்பிட்டபோது, கண்ணாடி இல்லாமல் பயின்றவர்கள், மெதுவான அசைவுகளான அடாஜியோவில் கூடுதலாக முன்னேறியதைக் கண்டார். வரிசையையும் கோணத்தையும் சரிபார்க்கக் கண்ணாடி வேண்டும். எந்நேரமும் வேண்டாம். என் வகுப்பில் பிள்ளைகளைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கவைத்தால் முதல் பத்து நிமிடம் தவித்துப்போவார்கள். அப்புறம்தான் இசையே காதில் விழத் தொடங்கும்.

இனி அந்த உறைதல். ‘உனக்குத் தோன்றியதை ஆடு’ என்பது, பிழைக்கு அஞ்சும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய கட்டளைகளிலேயே மிகக் கடினமானது. வெட்டவெளியில் நிறுத்திவிட்டு ‘போ’ என்பதுபோல. எல்லை போட்டுக் கொடுத்தால் நகர்வாள். 1990களில் ஃபிராங்க்ஃபர்ட் பாலேயில் வில்லியம் ஃபோர்சைத், பாலேயில் ஊறிய கலைஞர்களுக்கு உடனுக்குடன் உருவாக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது விதிகளால்தான். வெளியில் ஒரு கோட்டைக் கற்பனை செய், அதை முழங்கையால் வரை, வரைந்த கோட்டைத் தவிர்த்துக் கடந்து போ என்று வேலை கொடுப்பார். சுதந்திரம் என்ற சொல்லே வேண்டியதில்லை, வேலை இருந்தால் போதும்.

நான் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன், வீட்டிலும் முடியும். அவளுக்குத் தூக்கத்திலும் தெரிந்த ஒரு பார் பயிற்சியை (கம்பியைப் பிடித்துச் செய்வதை) எடுக்கச் சொல்லுங்கள், எட்டு எண்ணிக்கை தாண்டூ என்று வைத்துக்கொள்வோம். பாட்டியை உட்காரவைத்து கண்ட நடையில் தட்டச் சொல்லுங்கள்: தக தகிட, தக தகிட. எட்டுக்குப் பழகிய கால் ஐந்துக்குள் அடங்காது. எங்கே சுருக்குவது, எதை விடுவது, எந்தத் தட்டில் நிறுத்துவது என்று அவளே முடிவு செய்தாக வேண்டும். கண்ட நடையில் தாண்டூவுக்கு ஆர்ஏடி புத்தகத்தில் சரியான விடை கிடையாது, யூடியூபிலும் கிடையாது. ஒப்பிட மாதிரி இல்லாத இடத்தில் பிழை என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் தாளம் என்ற கறாரான எல்லை இருக்கிறது. சிரிப்பு வரும், வரட்டும். அது பிடிபட்டதும் மிஸ்ர நடைக்குப் போங்கள், தகிட தகதிமி. பிறகு அதே பயிற்சியைக் கைகளால் மட்டும், கால் அசையாமல். சில வாரங்களில் ஆசிரியை ‘ஏதாவது ஆடு’ என்று சொல்லும்போது அவளிடம் எதிலிருந்து தொடங்குவது என்று ஒரு கைப்பிடி இருக்கும். பாட்டிக்கும் வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று.

வகுப்புக்குள் ஆசிரியை செய்யக்கூடியது இன்னும் சின்னது. கையசைவுப் பயிற்சியான போர்-து-ப்ராவில் கை மேலே போய்ச் சேருவது இசையின் முதல் அடியிலா, அடிக்கு ஒரு கணம் பின்னாலா என்பதை மாணவியிடமே விடலாம். ஒரு காலைப் பின்னால் நீட்டி நிற்கும் அரபெஸ்க்கில் பார்வை விரலோடு போகிறதா, விரலைத் தாண்டிப் போகிறதா? ஒரே பயிற்சியை இரண்டு விதமாகச் செய்துகாட்டி, எது உனக்கு, ஏன் என்று கேட்கலாம். ‘ஏன்’ என்பதற்கு அவள் பதில் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் அந்தப் பொறுமைக்குத்தான் பஞ்சம்.

தெரிவுக்கே இடமில்லாத திருத்தங்களும் உண்டு, அவற்றில் கறாராகவே இருக்க வேண்டும். குதித்து இறங்கும்போது முழங்கால் கால்விரலுக்கு நேராக வர வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. பாயின்ட்டில் ஏறும்போது கணுக்கால் ஒரு பக்கம் சரியக் கூடாது. குதிகால் தரையைத் தொட்டுத்தான் அடுத்த குதி. இவை எலும்பு, தசைநார் விவகாரம். ‘குழந்தையைத் திருத்தினால் கற்பனை போய்விடும்’ என்று இதையும் விட்டுவிடுகிற வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குத் தேர்வுக்கு மட்டும் பழக்கும் வகுப்பே மேல் என்பேன், கால் முழுதாக இருக்கும். விரல் எப்படி வளைய வேண்டும், தலை எவ்வளவு சாய வேண்டும் என்பவை அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை பாணி. தெரிந்திருக்க வேண்டும், அவற்றோடு விளையாடவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கடுமையான குரலில் சொல்லும்போது எது உயிர்நாடி, எது அலங்காரம் என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயப்படுகிறாள்.

விபத்தே படைப்பான கதை ஒன்று அவளுக்குப் பிடிக்கும். 1934ல் நியூயார்க்கில் புதிதாகத் தொடங்கிய பள்ளியில் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீன் மாணவிகளுக்காக ‘செரனேட்’ அமைத்தார். முதல் நாள் வந்தது 17 பேர், எனவே தொடக்கம் 17 பேருக்கு. ஒருத்தி விழுந்தாள், அது படைப்பில் சேர்ந்தது. ஒருத்தி தாமதமாக வந்தாள், அதுவும் சேர்ந்தது. இன்றைக்கு அந்த வீழ்ச்சியைத் துல்லியமாக விழப் பயிற்சி எடுக்கிறார்கள், அது வேறு வேடிக்கை.

நம் ஊர்க்காரரும் ஒருவர் இருக்கிறார். சூ சான் கோ 1948ல் இங்கே பிறந்தவர், அக்காமார்கள் பாலேயில் இருந்த வீடு. பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்து முடித்த பிறகுதான் ஐரோப்பாவுக்கு ஆடப் போனார். பிறகு வாஷிங்டன் பாலேயில் நடன அமைப்பாளரானார். 1981ல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக, புகழ்பெற்ற பாலே கலைஞர் பாரிஷ்னிக்கோவ் ஆட ‘கான்ஃபிகரேஷன்ஸ்’ அமைத்தார். அவருடைய படைப்புகளில் கோடுகள் கத்திபோலக் கூர்மையானவை, குழு வடிவங்கள் நொடிக்கு நொடி மாறும். துல்லியம் குறைந்தால் அந்த வடிவமே கண்ணுக்குத் தெரியாது. 1987ல் 39 வயதிலேயே காலமானார். அவருடைய அக்கா கோ சூ கிம், அந்தனி தென்னுடன் சேர்ந்து 1988ல் தொடங்கிய சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர்தான் இன்றைய சிங்கப்பூர் பாலே. மேடையில் அவர் படைப்பு போடும்போது மகளைக் கூட்டிப்போங்கள்.

வீட்டில் உடனே மாற்ற வேண்டியது இரவுப் பயிற்சி. வீவக அடுக்குமாடி வீட்டு டைல்ஸ் கான்கிரீட்டின்மேல் ஒட்டியது, ஸ்டூடியோ தரைபோல அமுங்கிக் கொடுக்காது. வழுக்கவும் செய்யும். களைத்த காலோடு அதில் சுற்றினால் கணுக்காலுக்கு ஆபத்து, குதித்தால் கணைக்கால் எலும்புக்கு ஆபத்து, கீழ்வீட்டுக்காரருக்கும் தொல்லை. தடை போட்டால் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவாள், அதனால் அளவு போடுங்கள். ஐந்து முறை சுற்றலாம், ஐந்தாவது எப்படி வந்தாலும் முடிந்தது. சரியாக வரும்வரை என்பது அளவே இல்லை. வகுப்பு முடிந்து வரும்போது ‘டீச்சர் என்ன திருத்தினாங்க’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கைப்பேசியில் படம் எடுப்பதையும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் நடன ஆசிரியரோடு நிற்காதீர்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது, வலியை மறைத்து ஆடுவது, மாதவிடாய் வந்துகொண்டிருந்தது நின்றுபோவது அல்லது 15 வயதாகியும் தொடங்காதது, வகுப்பு நாளில் வயிற்றுவலி, தூக்கம் கெடுவது. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாததால் எலும்பும் ஹார்மோனும் பாதிக்கப்படும் நிலைக்கு 2014ல் அனைத்துலக ஒலிம்பிக் குழு ரெட்-எஸ் என்றே பெயர் வைத்தது, நடனமணிகளிடமும் அது உண்டு. பலதுறை மருந்தகத்தில் காட்டினால் மேற்கொண்டு அனுப்புவார்கள். பள்ளி ஆலோசகரிடமும் பேசலாம். அழுகையை மட்டும் வைத்து நான் பயப்பட மாட்டேன். இவற்றில் ஒன்று சேர்ந்தால் பயப்படுவேன்.

வகுப்பை மாற்ற வேண்டாம். ‘அவ எங்கே இருக்கான்னே தெரியல’ என்று டிஸ்டிங்ஷன் வாங்கும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லத் துணிந்த ஆசிரியை உங்களுக்குக் கிடைத்திருக்கிறார். அவரிடம் போய், குறை சொல்லும் தொனி இல்லாமல், கட்டளைக்குப் பதில் சின்னச் சின்னத் தெரிவுகளாகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அவரால் முடியாது என்றால் அப்போது வேறு இடம் பார்க்கலாம். நிறுத்திவைப்பது அவள் வாயிலிருந்து வர வேண்டும். வந்தால் ‘இந்தத் தேர்வு மட்டும் முடியட்டும்’ என்று பேரம் பேசாதீர்கள். தொடர்கிறேன் என்றால், அடுத்த நிலைத் தேர்வை ஓராண்டு தள்ளிப்போடலாம் என்று ஆசிரியையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத் தானாகச் சொல்லாது.